எங்கள் ஆட்களில் ஒருவரும் அந்த வரிசையில் இல்லை

இந்த வருடம் மட்டும் எங்கள் பிள்ளைகள் மூன்று பேர் ஆக்லாந்தில் அரசாங்க உதவிப்பணம் கொடுக்கும் அலுவலகங்களில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். சந்தோஷம். மூவரும் தனித்தனியாகத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “அங்கிள், ஏதாவது அட்வைஸ் இருக்கா?” இருபத்தெட்டு வருடம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவனிடம் மூட்டை மூட்டையாக அட்வைஸ் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு பெரிய பிழை. அதைத்தான் எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்து இதுவரை நான்கு தடவை எழுந்து முற்றத்தில் நடந்துவிட்டேன். தமிழில் எழுதினால் அவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று என் மகன் கேட்டான், அதையும் இங்கிலிஷில்தான் கேட்டான். வாசிக்கத் தெரியாவிட்டால் அம்மாவிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். அம்மாமாருக்கும் இதில் அலுவல் இருக்கிறது.

படிவம் எப்படி நிரப்புவது, யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் கம்பியூட்டர் என்னைவிட நன்றாகச் சொல்லும். கம்பியூட்டர் சொல்லாத இடத்தில்தான் நான் விழுந்தேன்.

அது எண்பதுகளின் பிற்பகுதி. எங்கள் அலுவலகம் தெற்கு ஆக்லாந்தில், எங்கள் ஆட்கள் அதிகம் குடியிருந்த பாபடோயிட்டோயில் இருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தேநீர் இடைவேளை வந்தால் நான் பேப்பருக்குள் தலையைப் புதைத்துக்கொள்வேன், ஏனென்றால் என் நாற்காலி மோரீனுக்கும் பிரையனுக்கும் நடுவில் இருந்தது.

பிரையனின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தொழிலாளர் பக்கம் நிற்பதாகச் சொல்லும் கட்சிக்குத்தான் குடும்பமே தலைமுறை தலைமுறையாக வாக்குப் போட்டது. அரசாங்கம் செலவழிக்காவிட்டால் ஏழை எப்படிப் பிழைப்பான் என்று கேட்டு மேசையில் தட்டுவார். மோரீன் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பானவர். அவருடைய பெற்றோர் ஒரு டெய்ரி வைத்திருந்தார்கள், தெருமுனைக் கடை. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து உழைத்த காசில் அரசாங்கம் கைவைத்தது என்று சின்ன வயதில் இருந்தே கேட்டு வளர்ந்தவர். வரியைக் குறை, உதவியைக் குறை, ஆட்களைத் தங்கள் காலில் நிற்கவிடு என்பதுதான் அவருடைய கட்சி.

அந்தத் தேர்தலில் என்ன கூத்து என்றால், கோயில் வாசலில் செருப்பு மாறிப்போன மாதிரிக் கட்சிகள் மாறி நின்றன. ஆட்சியில் இருந்தது பிரையனின் கட்சி. அதுதான் பெரிய சம்பளக்காரரின் வருமான வரியைக் குறைத்தது. பாண், பால் என்று கடையில் வாங்குகிற எல்லாவற்றிற்கும் ஒரு புது வரி போட்டதும் அதுதான். அரசாங்க இலாகாக்கள் கம்பனி மாதிரி லாபம் காட்ட வேண்டும் என்று சொன்னதும் அதுவேதான். எதிர்க்கட்சிக்கு எதை எதிர்ப்பது என்றே விளங்கவில்லை. உதவிப்பணம் வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

“என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதைப் பார்த்தே செத்திருப்பார்,” என்பார் பிரையன்.

“நான் வாழ்க்கையில் முதல் தடவையாக உன் கட்சிக்குப் போடப்போகிறேன், பிரையன். நல்லாத்தான் செய்கிறார்கள்,” என்றார் மோரீன் ஒருநாள். பிரையன் பாதித் தேநீரோடு எழுந்து போய்விட்டார். அடிபட்டிருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்கமாட்டார்.

எனக்கும் ஒரு கட்சி இருந்தது. அது எந்த வாக்குச்சீட்டிலும் இல்லை. ‘நாங்கள் ஒருவரிடமும் கைநீட்டாத சனம்’ என்கிற கட்சி. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்த எங்கள் குடும்பங்கள் ஆக்லாந்தில் அப்போது கொஞ்சம்தான். வீடு எரிந்து வந்தவர்கள், உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், பட்டத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவர்கள். எல்லாம் போன பிறகு மிச்சம் இருந்தது மானம் ஒன்றுதான். அதை ஆளுக்காள் காவல் காத்தோம். எங்கள் ஒன்றுகூடல்களில் பெனிஃபிட், அதாவது அரசாங்க உதவிப்பணம், என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. வேலை இல்லாதவன் “படிக்கிறன்” என்பான். கேட்டவனும் எங்கே படிக்கிறாய் என்று கேட்கமாட்டான்.

தேர்தலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் பெண்பிள்ளை ஒன்று வந்தது. பெயரை இன்றைக்கும் சொல்லமாட்டேன். முப்பது வயது இருக்கும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, இரண்டு குழந்தைகள். மோரீனின் ஜன்னலுக்கு முன்னால் இருந்த வரிசையில் நின்றிருந்தது. நான்தான் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன்.

“தங்கச்சி, இஞ்சால வாங்கோ. தமிழிலயே கதைக்கலாம்.”

அவள் மோரீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வரிசையை விட்டு என்னிடம் வந்தாள். அந்தத் தயக்கத்தை நான் கண்டேன், ஆனால் வெட்கம் என்று நினைத்தேன். அவளுக்கு அந்த வரிசைதான் வேண்டியிருந்தது என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. பிள்ளைகளே, இதுதான் முதல் பிழை. இதைப் பிறகு பேசுவோம்.

கால் மணி நேரம் குழந்தையின் இருமல், குளிர், பஸ் என்று சுற்றிச் சுற்றிக் கதைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். புருஷன் நான்கு மாதத்துக்கு முன் வேலை என்று சொல்லி மெல்பேர்ன் போனவன். கடிதமும் இல்லை, போனும் இல்லை. அங்கே அவனுக்கு வேறொரு வீடு இருப்பதாக ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். பாபடோயிட்டோயில் இருந்த வாடகை வீட்டுக்கு இரண்டு கிழமை வாடகை பாக்கி. தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்மாருக்கு ஒரு பெனிஃபிட் உண்டு என்று பக்கத்து வீட்டுச் சமோவாப் பெண் சொல்லி வந்திருக்கிறாள்.

எல்லாத் தேர்தலிலும் கட்சிகள் அதிகம் அடித்துக்கொண்டது அந்த ஒரு பெனிஃபிட்டைப் பற்றித்தான். ஒருத்தன் அது குடும்பத்தை உடைக்கக் கொடுக்கிற கூலி என்பான். மற்றவன் குழந்தை பட்டினி கிடக்கிற நாடு ஒரு நாடா என்பான். இரண்டு பேரும் அந்த வரிசையில் நின்றதில்லை.

படிவத்தில் கையெழுத்து வைத்த பிறகு அவள் கேட்டாள்: “அண்ணை, இது எங்கட ஆக்களுக்குத் தெரியவருமோ?”

“இந்தக் கவுண்டரைத் தாண்டி ஒரு சொல் போகாது. நான் இருக்கிறன்,” என்றேன்.

ஒரு சொல் போகவில்லை. அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். காப்பாற்றிக்கொண்டே அவளுடைய பிழைப்பைக் கெடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை, அதாவது தேர்தலுக்குச் சரியாக ஒரு கிழமை முன்பு, எங்கள் சங்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு கட்சி வேட்பாளர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தது. மொழிபெயர்க்க நான். அலுவலகத்தில் அனுமதி கேட்டபோது எங்கள் தலைமை அதிகாரி சொன்னார்: “மொழிபெயர்க்கலாம். உன் அபிப்பிராயத்தை மட்டும் சப்பாத்தோடு வாசலில் கழற்றிவிட்டுப் போ.” சிரித்துக்கொண்டு சரி என்றேன்.

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. ஆளுங்கட்சி வேட்பாளர் புது வரியால் நாடு உருப்படும் என்றார். எதிர்க்கட்சி வேட்பாளர் செலவைக் குறைக்காமல் வரியை மட்டும் மாற்றி என்ன பிரயோசனம் என்றார். எங்கள் சங்கத் தலைவர் முன்வரிசையில் கோட்டுப் போட்டுக்கொண்டு தலையாட்டினார். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர், எங்கள் ஆட்கள் பலருக்கு முதல் வேலை எடுத்துக்கொடுத்தவர். மெல்பேர்னுக்கு ஓடினவன் அவருடைய தம்பிதான். “தம்பி அங்க நல்ல வேலையில இருக்கிறான்” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னால் இருந்து அந்த ஊர் வெள்ளைக்காரர் ஒருவர் எழுந்தார். யார் கூப்பிட்டார்களோ தெரியாது. “இவர்கள் விமானத்தால் இறங்கி நேரே பெனிஃபிட் வரிசைக்குத்தானே போகிறார்கள்? என் வரியில்தானே சாப்பிடுகிறார்கள்? அதைப் பற்றி இரண்டு பேரும் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டார்.

என் வேலை அதைத் தமிழில் சொல்வது. அவ்வளவுதான். பதில் சொல்ல இரண்டு வேட்பாளர்கள் இருந்தார்கள். ஆனால் இங்கிலிஷ் தெரிந்த எங்கள் ஆட்களின் முகங்கள் சுருங்கின. தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குக் காது சூடேறியது. மைக்கைப் பிடித்து இங்கிலிஷில் சொன்னேன்:

“எங்கள் ஆட்களில் ஒருவரும் அந்த வரிசையில் இல்லை, ஐயா. ஒருவர்கூட இல்லை. நான் அந்தக் கவுண்டரில்தான் வேலை செய்கிறேன். எனக்குத் தெரியும்.”

மண்டபம் கைதட்டியது. தலைவர் எழுந்து நின்று தட்டினார். எதிர்க்கட்சி வேட்பாளர் உடனே பிடித்துக்கொண்டார்: “பாருங்கள், இப்படி உழைக்கிறவர்களின் வரியைத்தான் அரசாங்கம் வாரி இறைக்கிறது.” ஆளுங்கட்சிக்காரர் விடுவாரா? “பாருங்கள், தங்களுக்கு ஒன்றும் எடுக்காமல் மற்றவர்களுக்காக வரி கட்டுகிறார்கள். இதுதான் இந்த நாட்டின் பண்பு,” என்றார். என் ஒரே வசனத்தை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துத் தங்கள் கொள்கைக்குப் போர்த்திக்கொண்டார்கள். நான் அதையும் தமிழில் சொன்னேன். இன்னும் பெரிதாகக் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்குள் நிமிர்ந்து பார்த்தபோது மண்டபத்தின் ஓரத்தில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், அந்தப் பிள்ளை பற்றிஸ் பலகாரத் தட்டோடு நின்றாள். அவளுடைய படிவம் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

நான் சொன்னது ஒரு பொய் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை, இரண்டு. நியூசிலாந்து வந்த முதல் வருடம், இந்த வேலை கிடைப்பதற்கு முன்னால், பதினொரு கிழமை, ஏறத்தாழ இரண்டரை மாதம், நானே வேலையில்லாதவருக்கான பெனிஃபிட் எடுத்தவன். எங்கள் ஆட்கள் வராத தூரத்து அலுவலகமாகப் பார்த்து, தொப்பி போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றவன். கேட்டவர்களிடம் “படிக்கிறன்” என்றவன். என் மனைவி ரஞ்சியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை கதவு திறந்த உடனே வந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

“அந்தப் பேப்பரைத் தாங்கோ. எனக்கு வேண்டாம்.”

“ஏன் தங்கச்சி?”

“நீங்கள்தானே சொன்னனீங்கள், எங்கட ஆக்களில ஒருத்தரும் இல்லையெண்டு. நானும் எங்கட ஆள்தானே.”

“அப்ப வாடகை?” என்று மட்டும் கேட்டேன்.

“இவற்ற தமையன், சங்கத் தலைவர் அத்தான், டிக்கெட் போடுறார். அடுத்த கிழமை. ஊரில இப்ப சமாதானமாம், பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு அம்மாட்டைப் போகச் சொல்லுறார். இஞ்ச நிண்டால் ஆக்கள் கதைப்பினமாம்.”

ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. யாழ்ப்பாணத்தில் எவரும் அதை நம்பிப் பெட்டியைப் பிரிக்கவில்லை என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும். ஆனால் இங்கே சனம் கதைப்பதைவிட அங்கே ஷெல் விழுவது பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவரைச் சொல்லி என்ன? வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் கடிதத்தை எடுத்து நீட்டினது நான். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினதும் நான்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டம். அவள் கதவைத் தாண்டிப் போனதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஓம், நிம்மதி. நான் மைக்கில் சொன்னது உண்மையாகிவிட்டதே. இனி ஒருவரும் அந்த வரிசையில் இல்லை. போய்த் தேநீர் குடித்தேன். அந்தத் தேநீரை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அப்படிப்பட்ட கடிதங்களுக்கு மோரீனின் கையெழுத்தும் வேண்டும். புதன்கிழமை அது அவரிடம் போனது. கூப்பிட்டார்.

“புருஷன் திரும்பி வந்துவிட்டானா?”

“இல்லை.”

“வேலை கிடைத்ததா?”

“இல்லை.”

“அப்படியானால் என்ன மாறியது?”

சொன்னேன். கூட்டம், வெள்ளைக்காரர், கைதட்டல், டிக்கெட், எல்லாம். கேட்கக் கேட்க அவருடைய கழுத்து சிவந்தது. நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மடத்தனமான கேள்வி கேட்டேன்: “நீங்களே இந்த உதவியெல்லாம் வேண்டாம் என்கிறவர்தானே?”

மோரீன் பேனையை மூடி வைத்தார்.

“சனிக்கிழமை என் வரியைக் குறைக்கிறவனுக்குத்தான் போடுவேன். அதனால் இந்தப் பணம் குறைந்தால் எனக்குத் தூக்கம் கெடாது. ஆனால் இன்றைக்குப் புதன்கிழமை. இன்றைக்கு இதுதான் சட்டம். இன்றைக்கு அது அவளுடையது. அதை அவளிடமிருந்து எடுக்கிற அதிகாரம் பார்லிமெண்டுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை. உனக்கு நிச்சயமாக இல்லை.”

அந்த அறையில் தரை பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று நின்றேன்.

“நான் போய்க் கூப்பிட்டால் வருவாளா?” என்று கேட்டார்.

“வரமாட்டாள். அத்தானின் காதுக்குப் போய்விடும் என்று பயம்.”

“நீ போனால்?”

“கதவே திறக்கமாட்டாள்.”

“அப்படியானால் எங்கே வைத்து எடுத்தாயோ அங்கே வைத்தே திருப்பிக் கொடு.” கடிதத்தை எடுத்துத் தன் லாச்சிக்குள் போட்டார். “திங்கட்கிழமை மத்தியானம் வரை இது என் கைக்கு வரவில்லை.”

விதிப்படி அது பிழை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன், போதும்.

நாங்கள் கதைத்தது பிரையனின் காதிலும் விழுந்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து தோளில் கை வைத்தார். “உன்மேல் பிழை இல்லை. அமைப்புத்தான் பிழை. ஏழையை வெட்கப்பட வைக்கிற அமைப்பு,” என்றார். பாவம், நல்ல மனுஷன். ஆனால் என் விஷயத்தில் அமைப்பு படிவத்தை நீட்டியது, நான்தான் பறித்தேன்.

வீட்டுக்குப் போய் ரஞ்சியிடம் சொன்னேன். அந்தப் பிள்ளையைப் பற்றி அல்ல, அதை அவளிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பூசையில் என் பதினொரு கிழமையைச் சொல்லப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

“எனக்கு அண்டைக்கே வெக்கமாத்தான் இருந்தது, நீங்கள் மைக்கில சொல்லேக்க.”

“பிறகேன் நீர் ஒண்டும் சொல்லேல்லை?”

“மண்டபமே கைதட்டேக்க மனுசி சொல்லுறது காதில விழுமோ?”

அப்போது எங்களுக்கு ஆக்லாந்தில் கோயில் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அதே பள்ளிக்கூட மண்டபத்தில் சாமிப் படங்களை மேசையில் அடுக்கிப் பூசை செய்வோம். தேவாரம் முடிந்து விபூதி கொடுத்த பிறகு அறிவித்தல்கள் இருக்கும். நான் எழுந்தேன். பிக்னிக் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று தலைவர் நினைத்திருப்பார். நான் தேடியவள் மண்டபத்தில் இல்லை. கூட்டத்துக்குப் பிறகு அவள் எங்கும் வரவில்லை. ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தேன். யாருக்காகச் சொல்ல வந்தேனோ அவளே இல்லையே.

“போன சனிக்கிழமை இஞ்ச நிண்டு நான் ஒரு பொய் சொன்னனான்,” என்று தொடங்கினேன். “எங்கட ஆக்களில ஒருத்தரும் பெனிஃபிட் எடுக்கேல்லை எண்டு. நான் எடுத்தனான். வந்த வருசம். படிக்கிறன் எண்டு உங்களெல்லாருக்கும் சொன்ன நேரம் நான் படிக்கேல்லை. வரிசையில நிண்டனான்.”

முன்னால் இருந்த ஒருவர், நல்லெண்ணத்தில்தான், “தம்பி சும்மா தன்னைத் தாழ்த்திக் கதைக்கிறார்,” என்றார்.

ரஞ்சி எழுந்தாள். அவள் சபையில் கதைத்து நான் கண்டதில்லை. “சும்மா இல்லை. பதினொரு கிழமை. அந்தக் காசிலதான் நான் சமைச்சனான். நீங்கள்கூட ஒருநாள் வந்து சாப்பிட்டனீங்கள்.”

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். தலைவர் எழுந்தார். “தம்பி, இது பூசை நடக்கிற இடம். அரசியல் கதைக்கிற இடமில்லை.”

“போன கிழமை இதே இடத்தில நான் அரசியல் கதைக்கேக்க எழும்பி நிண்டு கைதட்டினீங்கள், அண்ணை.”

“அது வேற.”

“என்ன வேற? இந்த மண்டபத்தில பிள்ளைக்காசு எடுக்காத வீடு எது? ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசாங்கம் தாய்ட கையில குடுக்குதே, அது என்ன, சீதனமோ? அதை எடுக்கிறம். நாங்கள் வரி கட்டுறம். நாளைக்கு உங்களுக்குக் கை கால் வழங்காமல் போனால் அந்த வரிசையில நீங்கள் நிப்பீங்கள். நிக்கிறது மானக்கேடு இல்லை. நிண்டவையைப் பேசுறதுதான் மானக்கேடு.”

தலைவர் உட்கார்ந்தார். அவருக்கு விளங்கியதா, கோபமா, இன்றுவரை தெரியாது. பிரசாதம் கொடுக்கும்போது பாதிப்பேர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு தாய் மட்டும் கடலை கட்டிக்கொடுக்கும்போது, “எங்கட இவரும் போன வருசம் படிச்சவர்தான்,” என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் சனத்தின் வாய்க்கு வாழ்க்கையில் ஒரு தடவை நான் நன்றி சொல்ல வேண்டும் என்றால் அது அந்த வார இறுதிக்குத்தான். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னமே கதை பாபடோயிட்டோய் முழுக்கப் போயிருக்கும் என்று தெரியும். ஆனால் அவள் காதுக்குப் போனதா? போனாலும் நம்புவாளா? நம்பினாலும் வருவாளா? சனிக்கிழமை வாக்குப் போடப் போனேன். பென்சிலைப் பிடித்துக்கொண்டு அந்த மறைப்புக்குள் வெகுநேரம் நின்றேன். யாருக்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன், ரஞ்சிக்கே சொன்னதில்லை. ஆளுங்கட்சியே மறுபடி வந்தது. தன் கட்சி வென்றதற்காகப் பிரையனுக்கும் சந்தோஷமில்லை, தான் போட்ட கட்சி வென்றதற்காக மோரீனுக்கும் முழுச் சந்தோஷமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வீட்டுக்குள் நடந்தபடியே இருந்தேன். “இருங்கோவன், தலை சுத்துது,” என்று ரஞ்சி இரண்டு தடவை கத்தினாள்.

திங்கட்கிழமை காலை பிரையன் கேட்காமலே என் கவுண்டரில் வந்து உட்கார்ந்தார். “நீ பின்னால் போ. உன்னைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவாள்,” என்றார். சரியான யோசனை. ஃபைல் அறையின் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்பது. பத்து. பத்தரை. பதினொன்று. மோரீன் ஒருமுறை தன் லாச்சியைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினொன்றே காலுக்கு வந்தாள். இரண்டு குழந்தைகளோடும் வந்தாள். வரிசையில் நின்றாள், மோரீனின் வரிசையில். அரைகுறை இங்கிலிஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, எல்லாவற்றையும் மோரீனிடம் முதலில் இருந்து சொன்னாள். தமிழில் என்னிடம் கால் மணி நேரம் சுற்றிச் சொன்னதை அங்கே மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். அவளுக்கு அந்த மொழியில் வெட்கப்பட வேண்டிய ஆட்கள் யாரும் இல்லை.

மோரீன் கடிதத்தைக் கிழித்தார். படிவத்தில் முதல் நாள் வந்த தேதியையே போட்டார். அவள் எழும்பும்போது ஏதோ கேட்டாள், மோரீன் தலையாட்டி ஃபைலின் மேல் ஒரு வரி எழுதினார். மத்தியானம் போய்ப் பார்த்தேன். ‘இந்த ஃபைலை இவர் பார்க்கக் கூடாது’ என்று எழுதி, பக்கத்தில் என் பெயர். அந்த ஃபைல் எங்கள் அலமாரியில் பல வருடம் இருந்தது. பக்கத்து ஃபைலை எடுக்கும்போதெல்லாம் என் பெயர் கண்ணில் படும். நான் ஒருநாளும் அதைத் தொடவில்லை.

டிக்கெட் போடவில்லை. வாடகை கட்டப்பட்டது. இரண்டு மாதத்தில் ஊரில் அந்தச் சமாதானம் என்ன ஆனது என்று உங்கள் அம்மாமாரைக் கேளுங்கள். அவளுடைய தாயின் வீடு இருந்த தெருவின் பெயரை ஷெல் விழுந்த இடமாக ரேடியோவில் கேட்ட அன்று, நான் ரேடியோவை நிறுத்திவிட்டு மழைக்குள் போய் நின்றேன். அந்த வீட்டில் அந்த நேரம் இரண்டு குழந்தைகள் இருந்திருக்க வேண்டியது. இருக்கவில்லை. அதற்குக் காரணம் நான் இல்லை, என் பெயரை ஃபைலில் எழுதி என்னை விலக்கி வைத்தவர்தான்.

ஆகவே, பிள்ளைகளே. நீங்கள் எந்தக் கட்சிக்கும் போடுங்கள். வரி கூட என்று கத்துங்கள், குறைவு என்று கத்துங்கள், தேநீர் அறையில் சண்டை பிடியுங்கள். அது உங்கள் சனிக்கிழமை. ஜன்னலுக்கு முன்னால் ஆள் நிற்கும்போது அது புதன்கிழமை. எங்கள் ஆட்கள் யாராவது வேறு ஜன்னலில் நிற்பதைக் கண்டால் ஓடிப்போய்க் கூப்பிடாதீர்கள். எந்த ஜன்னல் வேண்டும் என்று அவர்கள் தெரிந்தெடுத்துவிட்டார்கள். எங்கள் சனத்தின் மானத்தைக் காக்கிற வேலை உங்களுக்கு இல்லை. அதற்குச் சம்பளமும் தருவதில்லை.

இதை எழுதலாமா என்று போன மாதம் அவளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கும் இப்போது பேரப்பிள்ளைகள். அந்தக் கவுண்டருக்குப் பிறகு இத்தனை வருடத்தில் நான் அவளோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

“எழுதுங்கோ,” என்றாள். “பெயர் போடாதேங்கோ. நான் மன்னிச்சிட்டன் எண்டும் எழுதிப்போடாதேங்கோ.”